சர்வேயர் மாமா வாங்கிய சுருட்டு

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் எங்கள் சர்வேயர் மாமாவிடம் ஒரு தடவையாவது தோற்காத மனிதர் யாராவது இருந்தால், அவர் அந்தச் சமயத்தில் வெளியூர் போயிருந்தார் என்று அர்த்தம். பஸ் கண்டக்டர், பந்தல்காரர், பல் டாக்டர், பத்திர எழுத்தர் என்று எல்லாரையும் அவர் ஜெயித்திருக்கிறார். சத்தம் போட்டு இல்லை. சட்டைப் பையிலிருந்து மூன்று மீட்டர் இரும்பு டேப்பை எடுத்து, 'டர்ர்ர்' என்று ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தில் அவர் சர்வேயர், நான் கிளார்க். இரண்டு பேருக்கும் வீடு சிதம்பரத்தில். ஒரே ரயிலில் போய், ஒரே ரயிலில் திரும்புவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டார். நான் மாமா என்றேன். அந்தக் கணக்கில் அவர் மனைவி எனக்கு அக்கா ஆகிவிட்டார். பிறகு உறவை யாராலும் மாற்ற முடியவில்லை.

கிள்ளைப் பக்கம் மீன்பிடிக் குடும்பம் அவருடையது. வீட்டில் முதல் முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். "கடல்ல கல்லு நட முடியாது மச்சான். எங்க அளந்தோம்னு தெரியாது. அதான் நான் கரைக்கு வந்துட்டேன்" என்பார்.

கரைக்கு வந்தவர் கரையில் எதையும் விடவில்லை. கடலூரில் ஒரு ஓட்டலில் 'இரண்டடி ரோஸ்ட்' என்று போர்டு வைத்திருந்தார்கள். ரோஸ்ட் வந்ததும் மாமா சட்னியைத் தள்ளி வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். முதலாளியைக் கூப்பிடச் சொன்னார்.

"ஒரு அடி பத்தே முக்கால் அங்குலம்தான் இருக்குது. பாக்கி எங்க?"

"சார், கல்லுல ஊத்தும்போது ரெண்டடிதான். வெந்தா சுருங்கும் சார்."

"அப்ப போர்டுல 'வேகறதுக்கு முன்னாடி'ன்னு எழுதிப் போடு."

முதலாளி சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் போர்டில் 'சுமார் இரண்டடி ரோஸ்ட்' என்று மாறியிருந்தது. அந்தச் 'சுமார்' மட்டும் புதுப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. மாமா அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

ஷேர் ஆட்டோவிலும் அப்படித்தான். பின் சீட்டை அளந்து, ஐந்து பேருக்கு வகுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாட்டியான போலீஸ்காரரிடம் சொன்னார்: "மொத்தம் நாப்பத்தெட்டு அங்குலம். ஆளுக்கு ஒன்பது புள்ளி ஆறு வருது. நீங்க பதினஞ்சுல உக்காந்திருக்கீங்க. எங்கது அஞ்சு புள்ளி நாலு உங்கக்கிட்ட இருக்குது." போலீஸ்காரர் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு குற்றச்சாட்டைக் கேட்டதில்லை போலிருக்கிறது. இறங்கி டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் இதெல்லாம் சில்லறைச் சண்டை. மாமாவின் பெரிய சண்டை புகையோடு. பீடி, சிகரெட், சுருட்டு எதுவானாலும் ஆகாது. தெரு முனையில் ஒருவர் தீக்குச்சியைக் கிழித்தால் இவருக்கு இங்கே தும்மல் வரும். சிதம்பரம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் அவர் ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து, புகை பதினாலு அடி தூரம் வருகிறது என்று கண்டுபிடித்தார். பதினைந்தாவது அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"புடிக்கிறவங்க அந்தக் கோட்டுக்கு அந்தாண்ட போய்ப் புடிங்க. உங்க உரிமைய நான் தடுக்கல."

கோட்டுக்கு அந்தாண்டை சாக்கடை. டீக்கடைக்காரர் வியாபாரம் போகிறதே என்று தினமும் அந்தக் கோட்டை அழிப்பார். இவர் தினமும் போடுவார். கடைசியில் ஜெயித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடையில் இப்போது சிகரெட் பெட்டிக்குள் மிட்டாய்தான் இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர் அயல்நாட்டில் என் காதோரம் குனிந்து, "மச்சான், இங்க நல்ல சுருட்டு எங்க கெடைக்கும்னு அந்தாளக் கேளேன்" என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்!

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் எங்களைப் போல ரிட்டயர் ஆனவர்கள் ஒரு பதினெட்டுப் பேர் சேர்ந்து, ஜாவாவில் உள்ள பழைய சிவன் கோயில்களைப் பார்க்க ஒரு வாரச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தோம். நடராஜர் கோயிலைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு, கடல் தாண்டியும் சிவன் இருக்கிறார் என்பதில் ஒரு பெருமை. மாமா எந்த ஊருக்கும் வராத ஆள். வடலூர் ஜோதி தரிசனத்துக்கே, கூட்டத்தில் சதுர அடிக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர். அவர் தானாக வந்து பெயர் கொடுத்தார். "நானும் உங்க அக்காவும் வர்றோம்." எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அக்காவுக்கு எங்களைவிட ஆச்சரியம்.

பிரம்பானன் என்ற இடத்தில் வானத்தை முட்டுகிற மாதிரி சிவன் கோயில். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றி வந்தோம். மாமா அரைக் கண்ணைக் கோபுரத்திலும் ஒன்றரைக் கண்ணை வழிகாட்டி மேலும் வைத்திருந்தார். வழிகாட்டி பெயர் பூடி. இங்கிலீஷ் பேசுகிற, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். கோயிலைச் சுற்றி அங்கங்கே வயலில் பச்சைப்பசேலென்று முறம் முறமாக இலை. ஓரத்தில் மூங்கில் கொட்டகைகள்.

"அது புகையிலைதானே?" என்று மாமா என்னைக் கேட்கச் சொன்னார். பூடி ஆமாம் என்றார். இந்தப் பக்கத்து இலை சுருட்டுக்கு மேல் சுற்றுவதற்குப் பேர் போனது என்றும், வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது என்றும் சொன்னார். அப்போதுதான் மாமா என் காதோரம் குனிந்தது.

"மாமா, உங்களுக்கு உடம்பு ஏதாவது..."

"நீ கேளு சொல்றேன். உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது."

மற்றவர்கள் துணிக்கடைக்குப் போன நேரத்தில், தலைவலி மாத்திரை வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பூடியின் பின்னால் கிளம்பினோம். அறுபது வயதுக்கு மேல் பொய் சொல்லிவிட்டு ஓடுவதில் ஒரு குஷி இருக்கிறது. ஆனால் மாமா முகத்தில் குஷி இல்லை. பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

அது பழைய ஓட்டுக் கட்டடம். உள்ளே நீள மேசைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இலையை நீவி, வெட்டி, உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணும் வெல்லமும் கலந்தது போல ஒரு வாசனை. பாக்கெட்டில் வைத்திருந்த கைக்குட்டையை மாமா மூக்கில் கட்டிக்கொண்டார். சுருட்டு வாங்க மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்த வாடிக்கையாளரை அந்தப் பெண்கள் அன்றுதான் பார்த்திருப்பார்கள். ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்தாள்.

விற்பனைக்கு இருந்த அம்மாள் நல்ல இங்கிலீஷ் பேசினார். மாமா தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் சொல்ல, அவர் பதில் சொல்ல, நான் திருப்பித் தமிழில் சொல்ல என்று வியாபாரம் தொடங்கியது.

"உங்களுக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"எனக்கா? சே! எங்க பெரியவருக்கு."

"அவருக்கு என்ன வயது?"

"அது யாருக்குத் தெரியும்? எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேருந்து இருக்காரு."

நான் 'கொஞ்சம் வயதானவர்' என்று சொல்லி வைத்தேன்.

"அப்படியானால் லேசானதாக வாங்கிக்கொண்டு போங்கள். நெஞ்சுக்கு நல்லது."

"லேசானதா? அவரு நாட்டுச் சுருட்டு புடிக்கிறவரும்மா! கூட சாராயம் வேற."

அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினார். "எங்கே உட்கார்ந்து புகைப்பார்? தோட்டத்திலா, வீட்டுக்குள்ளா?"

"உக்காரவே மாட்டாரு. வயக்காட்டுல நிப்பாரு. மழையோ வெயிலோ, நின்ன எடம்தான்."

இப்போது அந்த அம்மாள் முகத்தில் நிஜமாகவே கவலை வந்துவிட்டது. "வீட்டில் யாரும் அவரைக் கவனிப்பதில்லையா?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கவனிக்காம? வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம்!"

அந்த இடத்தில் என் மொழிபெயர்ப்பு நின்றுபோனது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மாமா, யாருக்கு வாங்குறீங்க?"

"முனீஸ்வரனுக்கு."

கிள்ளைக்குப் போகிற வழியில், வயல் நடுவே வேப்ப மரத்தடியில் நிற்கிறாரே, பதினாலடி உயரத்தில், ஒரு கையில் அரிவாளோடு, அவருக்கு. மாமாவின் குலதெய்வம். ஊர்க்காரர்கள் வேண்டுதல் நிறைவேறினால் சுருட்டைக் கொளுத்தி அவருடைய இடது கை விரல் இடுக்கில் செருகிவிட்டு வருவார்கள்.

"சுருட்டே ஆவாதே மாமா உங்களுக்கு!"

"எனக்கு ஆவாது. அவருக்கு ஆவுமே. அவரு புடிக்கிறதப் புடிக்கக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு?"

அந்த அம்மாளிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். எதிரே மூங்கில் கொட்டகையில் புகையிலைச் சரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மாமா மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

சுற்றுலாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அக்காவிடம் வெறும் தைராய்டு என்று சொல்லி வெளியே உட்கார வைத்துவிட்டு, மாமாவிடம் மட்டும் தன் சந்தேகத்தைச் சொன்னார். ரிப்போர்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்.

"அந்தப் பன்னெண்டு நாளும் அவ சீரியல் பாத்துக்கிட்டு, முறுக்கு சுட்டுக்கிட்டு சந்தோஷமா இருந்தா மச்சான். எனக்கு அவ மூஞ்சப் பாக்க முடியல. சாயங்காலம் ஆச்சுன்னா மாடிப்படில போய் உக்காந்துக்குவேன். ஒன்றரை சென்டிமீட்டர்னு எழுதியிருந்தாங்க. ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு மனுஷன் இப்படிப் பயப்படுவானா?"

அந்தப் பன்னிரண்டு நாளில் நான் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போய், அக்கா கொடுத்த முறுக்கைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

"முனீஸ்வரன்கிட்டப் போய் நின்னேன். ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வரட்டும், ஊர்ல எல்லாரும் வெக்கிற சுருட்ட வெக்க மாட்டேன், இந்த ஜில்லாவுல எந்தச் சாமியும் புடிக்காத சுருட்டா கொண்டாந்து தர்றேன்னு சொல்லிட்டேன். ரிப்போர்ட் நல்லபடியா வந்துடுச்சு. வெறும் கொழுப்புக் கட்டி. நீங்க ஜாவான்னு சொன்னீங்க. செல்போன்ல தேடுனா, கோயிலச் சுத்திப் பொகையில வெளையுதுன்னு போட்டிருந்தான். வந்துட்டேன்."

"அக்காகிட்ட இப்பவாவது சொல்லலாமே. எல்லாம் சரியாயிடுச்சே."

"சொன்னா, நான் பயந்தது அவளுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் தலைவலி வந்தாக்கூட எம் மூஞ்சப் பாப்பா. வேணாம்."

எழுந்து உள்ளே போனார். பேன்ட் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து அந்த அம்மாளின் மேசையில் விரித்தார். முனீஸ்வரனின் இடது கை! பக்கவாட்டு, மேல் பார்வை, குறுக்கு வெட்டு என மூன்று கோணத்தில், அளவோடு வரைந்திருந்தார். ஓரத்தில் வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறிகூட இருந்தது.

"விரல் இடுக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஊர்ச் சுருட்டு ஒல்லி. நிக்காம கீழ விழுந்துடும். ஆடு வந்து தின்னுட்டுப் போயிடும். சாமி ஒரு நாளும் முழுசாப் புடிச்சதில்ல. இந்த சைஸுல வேணும்."

நான் எப்படியோ அந்த அம்மாளுக்கு விஷயத்தைப் புரிய வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசைகளைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு வந்து படத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் மூத்தவராக இருந்த ஒருவர், இந்தத் தடிமனில் தான் உருட்டித் தருவதாகச் சொல்லி இலையை எடுத்தார். மாமா பக்கத்தில் நின்று அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் டேப்பை வைத்தார். அந்தப் பெண் இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை டேப்பை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டு சுருட்டு செய்தார்கள். ஒன்று சாமிக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன்.

"டெஸ்டுக்கு. நல்லா இருக்குதா இல்லையான்னு பாக்காம எப்படி வாங்குறது?"

"யார் டெஸ்ட் பண்றது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மேலே ஓட்டைப் பார்த்தேன். வேண்டுதல் தன்னுடையது என்பதால் தானே செய்வதுதான் முறை என்று அவரே முடிவுக்கு வந்தார். பூடி கொளுத்திக் கொடுத்தார். "புகையை உள்ளே இழுக்கக் கூடாது, வாயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்" என்று அந்த அம்மாள் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் புகை மாமாவின் தொப்புள் வரை போய்விட்டது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு வந்தது இருமல். அந்த இருமலில் பக்கத்து மேசையிலிருந்த இலைகள் பறந்தன. ஒரு பெண் விசிறினாள், ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள், ஒரு பெண் முதுகில் தட்டினாள். பூடி அன்றைக்கு அந்த ஒரு பத்து நிமிஷம்தான் சிரிக்காமல் இருந்தார். மாமா பெஞ்சில் சாய்ந்து, பாசி பிடித்த சுவர் நிறத்தில் கிடந்தார்.

"எப்படி இருக்குது மாமா?"

கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினார். "ஸ்ட்ராங்... கட்டுங்க."

பஸ்ஸுக்குத் திரும்பியபோதுதான் வினை காத்திருந்தது. மாமா படியில் கால் வைத்ததுமே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கு இரண்டு தடவை அசைந்தது.

"இன்னா வாடை இது?"

"மாத்திரை வாங்குன கடையில..."

"வாயத் தொறங்க."

பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாமா வாயைத் திறந்தார். அக்கா பின்னுக்குச் சாய்ந்தார்.

"அய்யய்யோ! சுருட்டு! கூடப் போன தம்பி மேல வாடையே இல்ல. இவருதான் புடிச்சிருக்காரு!"

பஸ் முழுக்க எழுந்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். எங்கள் குழுவில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருந்தார். சாக்பீஸ் கோட்டால் சாக்கடையோரம் நின்று புகைத்தவர்களில் ஒருவர். அவர் எழுந்து, "சார், பதினஞ்சாவது அடியில போய் உக்காருங்க, எங்களுக்கு ஆவாது!" என்றார். மாமா பேசாமல் கடைசி சீட்டுக்குப் போனார். அவர் பதில் சொல்லாமல் விட்ட முதல் வாக்கியம் அதுதான். எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். விழுங்கிவிட்டேன்.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். என் மனைவி ஆறுதல் சொல்லச் சொல்ல, அக்காவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"அதான் அப்ப சாயங்காலம் ஆனா மாடிப்படில போய்ப் போய் உக்காந்தாரா! ஏன் அங்க போறீங்கன்னு கேட்டா காத்து வாங்கறேன்னாரே! அங்க ஒளிஞ்சு உக்காந்து இதத்தான் புடிச்சிருக்காரு தம்பி!"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். புகையிலை வயல் ஓடிக்கொண்டே இருந்தது.

மிச்ச நாட்கள் முழுக்க மாமாவை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார்கள். அவர் பாட்டுக்குக் கடைசி சீட்டில் இருந்தார். சாமியின் சுருட்டை ஒரு மெல்லிய மூங்கில் குழாயில் போட்டு, அதைக் குடைக்குள் கம்பியோடு சேர்த்துக் கட்டி மறைத்திருந்தார். சென்னையில் இறங்கி ரயிலேறி, சிதம்பரம் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி, நல்ல மழை. ஸ்டேஷன் வாசலில் அக்கா, "குடையக் குடுங்க" என்று வாங்கி, மாமா "அது வேணாம்" என்பதற்குள் விரித்துவிட்டார்.

குழாய் அக்கா தலையில் விழுந்து, தெறித்து, சுருட்டு உருண்டு ஹெட்மாஸ்டர் செருப்பருகில் போய் நின்றது. அத்தனை தடிமனான சுருட்டை நம் ஊர் ஸ்டேஷன் கண்டதில்லை. ஆட்டோக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அக்கா குனிந்து எடுத்தார். குழாயில் போட்டார். பைக்குள் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா திட்டினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் மாமாவுக்குப் பயம்.

மறுநாள் காலை மாமா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"மச்சான், சாமி சொத்து காணும்! அவளையும் காணும்! தூக்கிப் போட்டுட்டாப் போலிருக்கு!"

வீடு முழுக்கத் தேடியாயிற்று. அடுப்பங்கரை, பரண், அரிசி டிரம் எதிலும் இல்லை. அதற்குள் குப்பை வண்டி அவர் தெருவைத் தாண்டியிருந்தது. இரண்டு பேரும் ஓடிப்போய் நாலாவது தெருவில் பிடித்தோம். வண்டிக்காரப் பெண்மணி, "மக்கும் குப்பையா, மக்காத குப்பையா?" என்று கேட்டார். மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். "எலைதான். மக்கும்." மக்கும் குப்பையில் முழங்கை வரை விட்டுத் துழாவினார். ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் கை கிடைத்தது. அதை எடுத்து, "இது மக்காத குப்பை, இதுல வரக் கூடாது" என்று அந்த நிலைமையிலும் பிரித்துப் போட்டார். சுருட்டு இல்லை.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாது மச்சான். வண்டிய எடு. நேரா போய்க் கால்ல விழுந்துடலாம்."

"அக்கா கால்லயா?"

"முனீஸ்வரன் கால்ல!"

என் ஸ்கூட்டரில் கிள்ளைக்குப் போனோம். வழியெல்லாம் மாமா பின்னால் உட்கார்ந்து சாமிக்குச் சொல்ல வேண்டிய விளக்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். வேப்ப மரம் தெரிந்ததும் வண்டியை நிறுத்தினேன். மாமா இறங்கினார். இரண்டு அடி நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முனீஸ்வரனின் இடது கையில், விரல் இடுக்கில், கச்சிதமாக நின்றுகொண்டிருந்தது ஜாவா சுருட்டு. நுனியில் மெல்லிசாகப் புகை.

பூசாரி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். மாமாவைப் பார்த்து ஒரு மாதிரி பரிதாபமாகச் சிரித்தார்.

"இப்பதான் உங்க வூட்டம்மா பஸ் புடிச்சு வந்துட்டுப் போறாங்க. 'சாமி, எம் புருஷன் இந்தக் கருமத்த விட்டுடணும். அவரு நெஞ்சுக்கு ஒண்ணும் வரக் கூடாது. இத நீயே புடி'ன்னு அவுங்களே கொளுத்தி என் கையில குடுத்தாங்க. நான் ஏணி போட்டு ஏறி வெச்சேன். ரொம்ப நேரம் அழுதுக்கிட்டு நின்னாங்க. ஏன் சார், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். காற்று இந்தப் பக்கம் அடித்தது. புகை அவர் முகத்தில் வந்து மோதியது. எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான் அவர் தும்மவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, இது கணக்குல சேருமா? வேண்டிக்கிட்டது நீங்க. கொண்டாந்து குடுத்தது அக்கா."

"சேந்துடுச்சு மச்சான். ஒப்படைக்க வேண்டியது ஒப்படைச்சாச்சு. அவளே தன் கையால கொண்டாந்து குடுத்துட்டா. இதுக்கு மேல இன்னா வேணும்?"

வீட்டுக்குத் திரும்பினால் அக்கா அடுப்படியில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக இல்லாத வெளிச்சம் முகத்தில். எங்களை உட்காரச் சொல்லித் தட்டு வைத்தார்.

"தோ பாருங்க, அந்தக் கருமாந்தரத்த முனீஸ்வரன்கிட்டக் குடுத்துட்டேன். இனிமே நீங்க அதத் தொட மாட்டீங்க."

"தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அக்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்த வளைகாப்புக்குப் போனாலும் அக்கா நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, முனீஸ்வரன் தன் புருஷனைச் சுருட்டிலிருந்து மீட்ட கதையைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. போன மாதம் கடலூரில் ஒரு நிச்சயதார்த்தம். நானும் மாமாவும் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு நாளைக்கு ரெண்டு சுருட்டு புடிச்சுக்கிட்டு இருந்தவரு" என்று அக்கா ஆரம்பித்தார்.

மாமா காபியைக் கீழே வைத்தார். "ரெண்டு இல்ல, மூணு" என்று திருத்தினார்.

கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் நம்பாமல் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.